என் கண்ணுக்குள் இருந்த தழும்பு

தம்பி, நீ பிறந்த முதல் மாதம் முழுக்க நான் உன் கண்ணில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். தியாகராய நகரில் எந்தக் கடையில் வேலை இருந்தாலும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு மயிலாப்பூருக்கு வந்துவிடுவேன். அப்போது நாம் ஒரு சந்துக்குள் நான்கு குடித்தனங்களில் கடைசிக் குடித்தனம். வந்ததும் கைகால் கழுவுவேன், ஜன்னலைச் சாத்துவேன், சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பேனா டார்ச்சை எடுத்து உன் முகத்துக்கு மேலே பிடிப்பேன். நீ கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாய். உன் அம்மா தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு நிற்பாள்.

"திறக்க மாட்டேங்கறான்."

"உங்க மூஞ்சில இப்படி அடிச்சா நீங்க திறப்பீங்களா? சோறு ஆறுது, வாங்க."

திறந்தால் கறுப்பாகத்தான் இருக்கும். அப்பாடா என்று சாப்பிட உட்காருவேன். இரண்டு கவளம் உள்ளே போவதற்குள், சரியாகப் பார்த்தோமா, பக்கவாட்டில் அடித்துப் பார்த்தோமா என்று தோன்றிவிடும். எச்சில் கையோடு எழுந்து மறுபடியும் டார்ச்சைத் தேடுவேன்.

பாப்பா, உனக்குக் காரணம் தெரியும். தம்பிக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். அதனால் இருவருக்குமாகச் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பத்தாவது வரைக்கும்தான் படிப்பு, அப்புறம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், அதன் பிறகு லிப்ட் கம்பெனியில் மெக்கானிக். டாக்டர் சொன்னதில் என் மண்டையில் ஏறியதைத்தான் எழுத முடியும். தப்பு இருந்தால் நீங்கள் பெரிய வகுப்புக்குப் போய்ப் படித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

பாப்பாவுக்கு ஒன்றரை வயது நடக்கும்போது ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவளுடைய இடது கண் பூனைக்கண் மாதிரி பளபளத்தது. வீட்டுக்கு வந்திருந்த உங்கள் அத்தை, அதாவது சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கும் என் அக்கா, பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டாள். "பூனக்கண்ணுடா. ராசியான பொண்ணு. எந்த ஊட்டுக்குப் போவுதோ அந்த ஊடு வெளங்கும்" என்றாள். உங்கள் அம்மாவுக்கு மட்டும் சரியாகப் படவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே விழித்திரையில் கட்டி, கண்ணை எடுத்தால்தான் பிள்ளை பிழைக்கும் என்றார்கள். எடுத்தார்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று அங்கே ஒருவர் வாயால் கேட்டார். இல்லை என்றேன். எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்கு மேல் என் அக்கா ஒரு காரணம் கண்டுபிடித்தாள். பாப்பா வயிற்றில் இருந்தபோது ஒரு சந்திர கிரகணம் வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் தெருப் பம்பில் தண்ணீரும் வந்தது. அப்போதெல்லாம் மயிலாப்பூரில் தண்ணீர் வந்தால் எந்தக் கிரகணத்துக்கும் காத்திருக்காது. உங்கள் அம்மா பிளாஸ்டிக் குடத்தோடு போய் வரிசையில் நின்றாள். வானத்தையும் ஒருமுறை பார்த்திருக்கிறாள். பார்த்தேன் என்று அவளே பிற்பாடு வெகுளியாகச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், அன்று முதல் அக்காவின் வாயில் அதுதான்.

"கெரணத்த நிமிந்து பார்த்தா புள்ளக்கி கண்ணு போவாம இன்னா போவும்?"

வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். உங்கள் அம்மாவுக்கே அது உண்மையாக இருக்குமோ என்று ஒரு பயம் இருந்தது. என்னிடம் கேட்டிருக்கிறாள். "அப்படியெல்லாம் இல்லை" என்பேன். ஆனால் என்ன காரணம் என்று அவள் திருப்பிக் கேட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

தம்பி வயிற்றில் இருந்தபோது தீபாவளியை ஒட்டிப் பெரிய சூரிய கிரகணம் வந்தது. அக்கா விடியற்காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டாள். ஜன்னலுக்கெல்லாம் பழைய பேப்பரைப் பசை போட்டு ஒட்டினாள். உங்கள் அம்மாவை உள்ளறையில் உட்காரவைத்து, மடியில் தர்ப்பைப்புல்லைப் போட்டு, தானும் வாசற்படியில் காலை நீட்டிக் காவல் உட்கார்ந்தாள். வீட்டுக்கார மாமி எட்டிப் பார்த்து, "ஏண்டிம்மா, அவளை ஜெயில்ல போட்டாப்போல வச்சிண்டிருக்கியே, ஒரு வாய் காப்பியாவது குடுத்தியோ?" என்றாள்.

"கெரணம் வுடட்டும் மாமி, அப்பால குடுக்கலாம். இந்தப் புள்ளயாவது முழுசா பொறக்கட்டும்."

உள்ளேயிருந்து உங்கள் அம்மா, "எனக்குக் காப்பி வேணாம், பாத்ரூம் போகணும்" என்றாள். அதற்கும் அக்கா உடனே விடவில்லை.

இத்தனை காவலோடு பிறந்தவன் நீ. பாப்பாவின் மற்றொரு கண்ணை அடையாறில் ஒரு டாக்டரம்மா தொடர்ந்து பார்த்துவந்தார். இளவயதுதான், அப்போதுதான் அங்கே வேலைக்கு வந்திருந்தார். அடுத்த குழந்தை பிறந்தால் ஒரு மாதத்துக்குள் கொண்டுவந்து காட்டுங்கள் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். தீட்டுக் கழியாமல் குழந்தை வாசல் தாண்டக்கூடாது என்று அக்கா நின்றாள். எப்படியோ ஒரு மாதம் முடிவதற்குள் போய்விடலாம் என்று நாள் குறித்துவிட்டு, அதுவரைக்கும் நான் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன்.

வேலையில் மனம் நிற்கவில்லை. தியாகராய நகரில் அப்போது ஜவுளிக்கடைகள் மாடிமேல் மாடி கட்டிக்கொண்டிருந்த காலம். மொட்டை மாடியில் ஒரு சிறிய அறை இருக்கும், அதற்கு மோட்டார் ரூம் என்று பெயர். அதற்குள் கீழே இருக்கும் கூட்டமும் தெரியாது, வெயிலும் தெரியாது. மோட்டாரின் உருளையை இரண்டு பக்கமும் பிடிக்கிற மாதிரி இரண்டு பிரேக் ஷூ இருக்கும். பலபேர் நினைப்பது என்னவென்றால், கரண்ட் வந்தால் பிரேக் பிடிக்கும் என்று. அப்படி இல்லை. ஸ்பிரிங் அந்த ஷூக்களை எப்போதும் உருளைமேல் அழுத்திக்கொண்டே இருக்கும். கரண்ட் வந்து இழுத்துப் பிடித்தால்தான் ஷூ விலகும், லிப்ட் நகரும். கரண்ட் நின்ற நொடி கபக்கென்று பிடித்துவிடும். லிப்டுக்கு நிற்பதுதான் இயல்பு. ஓடு ஓடு என்று யாராவது சொல்லிக்கொண்டே இருந்தால்தான் அது ஓடும்.

இரண்டு ஷூவில் ஒன்று போனாலும் மற்றது தனியாகவே லிப்டைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். அதனால் சோதிக்கும்போது ஒன்றுக்கு ஆப்பு வைத்துத் திறந்துவிட்டு, மற்றது மட்டும் பிடிக்கிறதா என்று பார்ப்போம். அந்த மாதத்தில் ஒரு கடையில் அப்படிப் பார்த்தபோது ஒரு பக்கத்து ஷூ எண்ணெய் இறங்கி வழவழவென்று கிடந்தது. பிடிமானமே இல்லை. எத்தனை காலமாக அப்படி இருந்ததோ. மற்றது பிடித்துக்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. புடவை எடுக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரு ஷூவை நம்பி ஏறி இறங்கியிருக்கிறார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா மச்சி, பிரேக்கையே பார்த்துகினு கீற? அது இன்னா சினிமாவா?" என்றான் என்னோடு வேலை செய்தவன்.

"ஒண்ணுமில்ல."

"ஊட்ல குழந்த எப்டி கீது?"

"நல்லாத்தான் இருக்கான்."

"நல்லா கீதுன்னா சிரிச்சிகினு சொல்லு நைனா. கடன்காரன் மாதிரி சொல்ற."

கடை மேனேஜர் தெற்குச் சீமைக்காரர். மேலே ஏறி வந்து மூச்சு வாங்க நின்றார். "அண்ணாச்சி, கதவு கொஞ்சம் சரியா மூடலேன்னாலும் வண்டி நகர மாட்டேங்கு. கூட்டம் நிக்கி. அந்தக் கான்டாக்ட்ட நேரா குடுத்து விட்டுருங்க, பொறவு பாத்துக்கிடலாம்" என்றார். கதவுக்குக் கதவு ஒரு கான்டாக்ட் உண்டு. ஏதாவது ஒன்று திறந்திருந்தால் கரண்ட் அறுந்து லிப்ட் நிற்கும். அதைத் தாண்டி ஒரு துண்டு வயரைப் போட்டுவிட்டால், கதவு திறந்திருந்தாலும் மூடியிருக்கிற மாதிரியே லிப்ட் நினைத்துக்கொண்டு ஓடும். எங்கள் தொழிலில் அவசரத்துக்கு இப்படிச் செய்கிறவர்கள் இருந்தார்கள். நான் மாட்டேன் என்றேன். அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் டாக்டரம்மா சொன்னதை நான் இந்த வழியாகத்தான் புரிந்துகொண்டேன்.

குறித்த நாளில் அடையாறுக்குப் போனோம். பாப்பாவை வீட்டுக்கார மாமியிடம் விட்டுவிட்டு நான், அம்மா, தம்பி மூவரும் ஆட்டோவில் ஏறப் போகும்போது அக்காவும் வந்து ஏறிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். "டாக்டரம்மா வாயால கேக்கோணும். தப்பு எங்க கீதுன்னு" என்றாள். உங்கள் அம்மா ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா முதலில் தம்பியைப் பார்க்கவில்லை. "குழந்தைக்கு மயக்க மருந்து குடுத்துத்தான் முழுசா பார்க்கணும். அது நாளைக்கு. இன்னைக்கு அப்பா அம்மா ரெண்டு பேர் கண்ணையும் பார்த்துடறேன்" என்றார்.

"எங்களுக்கா? எங்களுக்கு நல்லா தெரியுதே."

"தெரியறது வேற. உள்ள எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

"அவளுக்குப் பாருங்க டாக்டரம்மா. இவனுக்கு எதுக்கு? எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் மூக்குக் கண்ணாடி கூட கெடியாது" என்றாள் அக்கா.

இருவருக்கும் சொட்டு மருந்து விட்டார்கள். கண்மணி விரிந்து எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த உங்கள் அம்மாவின் முகமே எனக்குப் புகை மாதிரி தெரிந்தது. முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். சீக்கிரமே வந்துவிட்டாள். "ஒண்ணுமில்லையாம்" என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா, "நல்லா பார்த்தாங்களா?" என்றாள்.

அப்புறம் நான். இருட்டறையில் டாக்டரம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கண்ணாடி வில்லையைப் பிடித்துக்கொண்டு, மேலே பார், கீழே பார், மூக்கைப் பார் என்றார். வலது கண் சீக்கிரம் முடிந்தது. இடது கண்ணில் கீழே பார் என்றவர் அங்கேயே நின்றுவிட்டார். மறுபடியும் கீழே என்றார். யாரையோ கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கக் கூடாது என்று நினைத்துக் கையை மடியில் வைத்திருந்தேன்.

விளக்கைப் போட்டதும், அக்காவையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டார்.

"உங்க இடது கண்ணுல, ஓரத்துல, ஒரு பழைய தழும்பு இருக்கு. உலர்ந்த சுண்ணாம்பு மாதிரி. உங்க பொண்ணுக்கு வந்த அதே கட்டி உங்களுக்கும் சின்ன வயசுல வந்திருக்கு. வந்து, வளராம, தானாவே செத்துப்போயிருக்கு. அபூர்வமா இப்படி நடக்கும்."

எனக்கு முதலில் சொன்னதே விளங்கவில்லை. முப்பத்தைந்து வயதுவரை என் கண்ணுக்குள் அது கிடந்திருக்கிறது. அந்தக் கண்ணால்தான் எத்தனையோ மோட்டார் ரூமில் வயர் நிறம் பார்த்து இணைத்திருக்கிறேன்.

"அப்ப பாப்பாவுக்கு..." என்றாள் அம்மா.

"இவர்கிட்டேருந்து வந்திருக்கு. உங்ககிட்டேருந்து இல்ல. கிரகணமோ வேற எதுவுமோ காரணம் இல்ல." கிரகணக் கதை அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. அம்மா எப்போதோ தனியாகக் கேட்டிருக்கிறாள்.

பிறகு டாக்டரம்மா என்னிடம், "உங்ககூடப் பிறந்தவங்க யாராவது சின்ன வயசுல தவறிட்டாங்களா?" என்றார்.

"எனக்கு முன்னால ஒரு அண்ணன். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டான். அம்மை."

தம்பி அம்மாவின் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்தான். அக்கா முந்தானையை எடுத்து வாயில் வைத்திருந்தாள். எனக்கு அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. குரல்தான் வந்தது.

"அம்ம இல்லடா."

"என்ன?"

"அவனுக்கு அம்ம இல்ல. கண்ணு. ஒரு கண்ணு பெருசாகிகினே வந்துச்சு. வெளிய தள்ளிகினு. புள்ள ராவும் பகலும் அயும். நைனா வாசல்ல வேப்பிலய கட்டிட்டாரு. மஞ்சத் தண்ணி தெளிச்சாங்க. அம்மன்னா ஒருத்தனும் உள்ள வரமாட்டான், இன்னா ஏதுன்னு கேக்கமாட்டான். ஆத்தா வந்து தூக்கிகினு போய்ட்டான்னா யாரும் தப்பா பேசமாட்டாங்க. கண்ணு இப்டி ஆச்சின்னு தெரிஞ்சா, நான் ஒருத்தி கீறேன், என்ன எவன் கட்டுவான்? யார் கேட்டாலும் அம்மன்னு சொல்லுன்னாரு. சொல்லிச் சொல்லி எனக்கே அது அம்ம மாதிரி ஆய்ட்ச்சி."

நம் ஆட்களின் வழக்கம் அப்படி. வாசலில் வேப்பிலை தொங்கினால் அந்த வீட்டில் நடப்பது தெய்வத்தின் காரியம். அதைப் பற்றிக் கேள்வி கேட்பது பாவம். என் அப்பா செய்தது பொய் என்று எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு ஒரு பிள்ளை போய்விட்டது, காப்பாற்ற இன்னொரு பிள்ளை, அக்கா, இருந்தாள். ஆனால் அந்த வேப்பிலைக்குப் பின்னால் கிடந்தது நேராக என் கண்ணுக்குள்ளும், என் கண்ணிலிருந்து பாப்பாவின் கண்ணுக்குள்ளும் வந்திருக்கிறது. இப்போது தோளில் சிணுங்குகிறவன் மட்டும்தான் பாக்கி.

உங்கள் அம்மா அக்காவைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள். "அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு அண்ணி?"

"மூணு. நல்லா பாடும்" என்றாள் அக்கா.

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்துப் படம் போடப் போனார். என் வேலை என்ன என்று கேட்டார். சொன்னேன். தாளை வைத்துவிட்டு, "லிப்ட்ல பிரேக் எப்படி வேலை செய்யும்?" என்றார். இரண்டு ஷூ இருப்பதைச் சொன்னேன்.

"சரி, அப்படியே வச்சுக்கோங்க. உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இந்தக் கட்டியைத் தடுக்கற ஜீன் ரெண்டு இருக்கும். அப்பா குடுத்தது ஒண்ணு, அம்மா குடுத்தது ஒண்ணு. செல் கண்டபடி பெருகாம பிடிச்சு நிறுத்தறது அதோட வேலை. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும். உங்க குடும்பத்துல சில பேர் பிறக்கும்போதே ஒரு ஷூ தேஞ்சு பிறக்கறாங்க. கண்ணுல லட்சக்கணக்கான செல். அதுல ஏதோ ஒண்ணுல மிச்சம் இருக்கற ஷூவும் போச்சுன்னா, அது ஓட ஆரம்பிச்சிடும்."

"எனக்கும் ரெண்டும் போயிருக்கே. அப்ப என்னோடது ஏன் ஓடலை?"

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "ஒரு செல் உயிரோட இருக்கறதுக்கே சுத்தி இருக்கற செல்லுங்க 'இரு, இரு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். அந்தச் சொல் வரலேன்னா அது தானாவே தன்னைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு மடிஞ்சிடும். அதுக்கும் காவலுக்கு வேற ஜீன்கள் இருக்கு. சிலது அந்த 'இரு'ங்கற சேதியைத் தணிச்சு வைக்கும். சிலது, செல் தாறுமாறா ஓடுதுன்னு தெரிஞ்சா, போதும் நீ போன்னு அனுப்பி வச்சிடும். நம்ம உடம்புல இது தினமும் நடக்குது. புத்துநோய் ஆகற செல் இதையும் ஏமாத்தப் பழகிக்கும். யாரும் சொல்லாமலே 'இரு இரு'ன்னு தனக்குத்தானே சொல்லிக்கும்."

"கான்டாக்ட்டைத் தாண்டி வயர் போட்டு நேரா குடுத்த மாதிரி" என்றேன்.

"அது என்னது?"

கதவு கான்டாக்ட்டைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "கிட்டத்தட்ட. ஆனா அங்க வயர் போட ஒரு ஆள் வேணும். இங்க ஆளே இல்ல, செல் பெருகப் பெருகத் தப்பு சேர்ந்து சேர்ந்து தானாவே அமைஞ்சிடும்" என்றார். "உங்க கண்ணுல அந்த வயர் விழறதுக்கு முன்னாடி காவல் முந்திக்கிச்சுன்னு நினைக்கலாம். நிச்சயமா அதுதானான்னு எனக்குத் தெரியாது. இதையெல்லாம் இப்பத்தான் ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சிக்கிட்டு இருக்காங்க."

"இவனுக்கு?"

"அந்தத் தேஞ்ச ஷூவை நீங்க குடுத்திருக்கலாம், நல்லதையும் குடுத்திருக்கலாம். பாதிக்குப் பாதி."

"ரத்தத்துல பார்க்க முடியாதா?"

"வெளிநாட்டுல சில இடத்துல பார்க்கறாங்க. நமக்கு இப்போதைக்கு இவன் கண்ணைத்தான் பார்க்கணும். காலையில பால் குடுக்காம கூட்டிட்டு வாங்க."

மறுநாள் காலை அந்தப் பசிதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. மயக்க மருந்துக்கு முன் பால் கொடுக்கக்கூடாது. தம்பி வாயைத் திறந்து அம்மாவின் கழுத்து, தோள், காதுமடல் என்று தேடிக்கொண்டே இருந்தான். அவளுடைய ரவிக்கை நனைந்து புடவையும் நனைந்தது. அவள் பாடிப் பார்த்தாள், நடந்து பார்த்தாள். கடைசியில் நான் வாங்கி நடந்தேன். என் சட்டைப் பொத்தானை வாயில் கவ்விக்கொண்டு அழுதான். பச்சை உடுப்புப் போட்ட நர்ஸ் வந்து கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனதும் என் கை இரண்டும் என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வளைந்து நின்றன.

என்னால் உட்கார முடியவில்லை. தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அங்கே ஒரு பழைய லிப்ட் இருந்தது. தரை மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஒவ்வொரு முறையும் தடுக்கியது. பிரேக் இறுக்கிப் பிடிக்கவில்லை, லேசாக வழுக்குகிறது என்று காதுக்கே தெரிந்தது. வாட்ச்மேனிடம் போய்ச் சொன்னேன்.

"சார், எல்லாரும் இங்க சாமிய கும்பிட்டுகினு உக்காந்துகினு கீறாங்க. நீ லிப்ட்டப் பார்த்துகினு கீற" என்றார் அவர்.

"வழுக்குதுங்க."

"வழுக்கட்டும். போய் சம்சாரம் பக்கத்துல குந்து சார். அந்தம்மா தனியா கீது."

போய் உட்கார்ந்தேன். அக்கா எங்களுக்கு எதிரில், கையில் காலிப் பால்புட்டிப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றும் கூப்பிடாமலேயே வந்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஓடியதெல்லாம் ஒன்றுதான். உடம்பில் எந்தப் பக்கத்திலிருந்து எதைக் கொடுத்தோம் என்று நமக்குத் தெரியாமலே கொடுத்துவிடுகிறோம். மூக்கு கொடுத்தேன், சுருட்டை முடி கொடுத்தேன். அதோடு வேறு எதைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன்? உங்கள் அம்மா என் நினைப்பைப் படித்த மாதிரி, "நீங்க வேணும்னு குடுக்கல" என்றாள். நான் எழுந்து மறுபடியும் நடக்க ஆரம்பித்தேன்.

டாக்டரம்மா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டபடி வெளியே வந்தார்.

"இடது கண் சுத்தமா இருக்கு. வலது கண்ணுல ஓரமா ஒண்ணு இருக்கு. ரொம்பச் சின்னது. ஜவ்வரிசி அளவு கூட இல்ல. வெளியிலேருந்து கடுங்குளிர் குடுத்து அதை உறைய வச்சிருக்கேன். செத்துடும். கண்ணு இருக்கும்."

"டார்ச் அடிச்சுப் பார்த்தேனே, ஒண்ணும் தெரியலையே" என்றேன். முட்டாள்தனமாகத்தான் கேட்டேன்.

"டார்ச்சுக்குத் தெரியற அளவுக்கு வளர்ந்திருந்தா, நான் வேற சேதி சொல்லிக்கிட்டு இருந்திருப்பேன்."

அம்மா எழுந்து கதவுப் பக்கம் போனாள். பால் கொடுக்கலாமா என்று கேட்டாள். அவளுக்கு அப்போது அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"புதுசா வரலாம். அந்தத் தேஞ்ச ஷூ எல்லா செல்லுலயும் இருக்கே. மாசா மாசம் வரணும். அப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை. பெரிய பையன் ஆகற வரைக்கும் விடக்கூடாது. பாப்பாவையும் இதே மாதிரி" என்றார். அக்காவைத் திரும்பிப் பார்த்து, "நீங்களும் ஒருநாள் வாங்க. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்றார்.

"ஒரு பொண்ணு. இப்பத்தான் கட்டிக் குடுத்தேன்."

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

"சம்பந்தி ஊட்ல இன்னான்னு சொல்லிக் கூட்டிகினு வருவேன்?" என்று அக்கா தரையைப் பார்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே, "கண்ணுன்னுதான் சொல்லணும்" என்றாள். கொஞ்ச நாள் கழித்து அழைத்தும் வந்தாள். இருவர் கண்ணிலும் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் கிரகணத்தைப் பற்றி அவள் பேசியதே இல்லை என்று எழுத ஆசைதான். பேசினாள். ஆனால் உங்கள் அம்மாவைச் சேர்த்துப் பேசவில்லை.

அந்த முதல் வருடத்தில் இன்னொன்றும் முளைத்தது, அதையும் உறைய வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே பட்டினி, அதே தாழ்வாரம். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே எனக்குத் தூக்கம் போய்விடும். வேலையில் ஸ்பேனரைத் தவறவிடுவேன். கூட்டாளி என்னைப் பார்த்தே, "இன்னா, அடையாறு வருதா?" என்று கேட்பான். ஒன்றுமில்லை என்று சொன்ன நாளில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நிம்மதி. சந்துக்குள் நுழையும்போதே அடுத்த தடவையைப் பற்றிய கவலை வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் இருவரும் என்னை எப்போது பார்த்தாலும் எதையாவது ஆராய்ந்துகொண்டே இருக்கிறாய் அப்பா என்று கேலி செய்கிறீர்களே, அது அப்போது பிடித்த பழக்கம்.

நீங்கள் பெரியவர்களாகிக் கல்யாணம் செய்துகொள்ளும்போது, யாரைச் செய்துகொண்டாலும், முதலில் இதைச் சொல்லிவிட்டுச் செய்துகொள்ளுங்கள். உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் தீட்டு, நல்லநாள் எதுவும் பார்க்காமல் பிறந்த வாரமே கண்ணை விரித்துக் காட்டிவிடுங்கள். அந்தக் காலத்தில் ரத்தத்திலேயே பார்த்துச் சொல்ல முடிந்தால் அதையும் செய்யுங்கள். வாசலில் எதையும் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

போன மாதம் நாம் நான்கு பேரும் போய் வந்தோமே, அதை மட்டும் எழுதி முடிக்கிறேன். தம்பிக்கு இப்போது மயக்க மருந்து வேண்டாம், சொன்னால் அவனே மேலே கீழே பார்க்கிறான். டாக்டரம்மா இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு, தழும்புகள் தட்டையாகக் கிடக்கின்றன, புதிதாக எதுவும் இல்லை, இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். நான் இரண்டுதரம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். சொட்டு மருந்தினால் தம்பிக்கு வெயில் கூசியது. அம்மாவின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். பாப்பாவின் செயற்கைக் கண்ணில் தூசி பட்டதால் அம்மா அதைக் கழற்றித் துடைத்துப் போட்டுவிட்டாள். தம்பி முந்தானை இடுக்கு வழியாக அதைப் பார்த்தபடி இருந்தான்.

"அப்பா, என் கண்ணு எப்ப கழட்ட வரும்?" என்றான்.

"வராதுடா."

"அக்காவுக்கு மட்டும் வருது."

"உனக்கு ரெண்டும் ஒட்டிக்கினு கீது, போடா" என்றாள் பாப்பா, பெரிய மனுஷி மாதிரி.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவனைத் தூக்கி, முகத்தை என் தோளில் சாய்த்து வெயிலை மறைத்தேன். கழட்ட வராது, உன்னுடையது கழட்டவே வராது என்று அவன் காதில் சொன்னேன். அது ஏமாற்றமான சேதி என்று நினைத்து அவன் இன்னும் பலமாக அழுதான். மயிலாப்பூர் பஸ் வந்தது.